இணைச்சீருக்கு நின்றவள்

இன்று காலை நாளிதழில், நாமக்கல் முட்டை விலைக்குக் கீழே, நான்கு வரியில் ஒரு செய்தி வந்திருந்தது. ஆசிய நாடுகளின் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி தொடங்கிவிட்டதாம். நம் அணி முதல் ஆட்டத்தில் தோற்றுவிட்டதாம். யார் ஆடினார்கள், யார் கூடை போட்டார்கள் என்று எதுவும் இல்லை. அடுத்த வரியில் கறிக்கோழி விலை ஆரம்பித்துவிட்டது.

உன் அண்ணன் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டலாமா என்று நினைத்தேன். உன் பேச்சு வந்தால் அவர் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினேன். இரண்டு வகுப்பு எடுத்தேன். மூன்றாவது வகுப்பில் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதிவிட்டு மறுபாதி என்ன என்று தெரியாமல் நின்றேன். இருபத்தைந்து வருடமாக நடத்துகிற பாடம்.

நீ போய்ப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் ஐம்பதைத் தொடப் போகிறேன். இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பதில் வராது என்ற தைரியத்தில் எழுதுகிறார்கள் என்று நினைப்பேன். நானும் அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சேலத்துப் பெண்கள் கல்லூரி விடுதியில் நாம் சந்தித்தபோது எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை. நீ எருமப்பட்டிப் பக்கம், நான் மேச்சேரிப் பக்கம். நீ வராந்தாவில் வருவது நான்கு அறை தள்ளியே தெரியும். சிரிப்பு, செருப்புச் சத்தம், யாரையாவது கூப்பிடும் சத்தம். உடற்பயிற்சி ஆசிரியை ஆள் குறைகிறது என்று என்னையும் கூடைப்பந்து அணியில் சேர்த்தார். பந்து என்னை நோக்கி வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு நீ சொன்னாய்:

"ஏம்புள்ள, நீ கணக்குப் படிக்கறவதானே? பந்தைத் தொட்டு அதைப் பயமுறுத்தாத. பெஞ்சுல உக்காந்து ஸ்கோர் எழுது. அதாவது ஒழுங்கா நடக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் நீ சொன்னது உண்மை. அன்றிலிருந்து ஸ்கோர் எழுதினேன். இன்னொரு வேலையும் இருந்தது. அரைக்கால் சட்டையோடு விடுதியிலிருந்து மைதானம் வரை நடக்க முடியாதென்று எல்லோரும் மேலே பாவாடை கட்டிக்கொண்டு வருவீர்கள். விசில் ஊதியதும் அவிழ்த்து என் பெஞ்சில் எறிவீர்கள். ஆட்டம் முடிகிறவரை பத்துப் பாவாடைக்குக் காவல் நான். மூன்று வருடம் அந்தப் பெஞ்சிலிருந்து உன் ஆட்டத்தைப் பார்த்தேன். எதையும் லேசில் நம்பாதவள் நான், ஆனால் உன் கையைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. பந்து கையை விட்டுப் போகும்போதே, அது விழுவதற்கு முன்பே, நான் இரண்டு புள்ளி எழுதிவிடுவேன். அடித்துத் திருத்த வேண்டிவந்தது அபூர்வம்.

பிறகு நான் சென்னைக்கு எம்.எஸ்ஸி. படிக்கப் போனேன். நீ உடற்கல்விப் பட்டயம் முடித்து மாநில அணிக்கு ஆடினாய். தேசியப் போட்டிக்காக வடக்கே இரண்டு முறை போய்வந்தாய். ஒரு முறை, ஊருக்குத் திரும்பும் வழியில், பல்கலைக்கழக விடுதி வாசலில் டிரங்குப் பெட்டியோடு வந்து நின்று கூப்பிட்டாய். என்னவோ ஏதோ என்று இறங்கி ஓடிவந்தேன்.

"எங்கண்ணன் ஒருத்தன் ஊட்டுல இருக்கறான்ல. லாரி வெச்சிருக்கறான். பேசமாட்டான். நீயும் பேசமாட்ட. சண்டையே வராது. கட்டிக்கிறியா?"

"அவர் என்னைப் பார்க்க வேண்டாமா?"

"நான் பார்த்துட்டன்ல. அவன் எதுக்கு? எனக்கு நங்கையா வர்றவள நாந்தான் பார்க்கோணும்."

அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவது நம் பக்கத்து வழக்கம். நிச்சயம் ஆவதற்கு ஆறு மாதம் முன்பே நீ என்னை அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாய். இரண்டு வீட்டாரும் பேசி ஆனிக் கடைசியில் முகூர்த்தம் வைத்தார்கள். பத்திரிகை அடித்து ஊர் ஊராகக் கொடுத்தும் முடித்த பிறகுதான் அந்தக் கடிதம் உனக்கு வந்தது.

ஆசியப் போட்டிக்கான இந்திய அணியின் பயிற்சி முகாம். முகாமுக்கு அழைக்கப்பட்டவர்களில் பன்னிரண்டு பேர் விமானம் ஏறுவார்கள். வடக்கே போய்ச் சேர வேண்டிய நாளும், கல்யாண நாளும் ஒரே நாள். தாமதமாக வருகிறவர்களைச் சேர்க்க மாட்டோம் என்று கடைசி வரியில் அடிக்கோடு போட்டிருந்தது. இரண்டு நாள் தவணை கேட்டு நீ தந்தி கொடுத்தாய். பதில் வரவில்லை. இன்னொரு தந்தி கொடுத்தாய்.

அண்ணன் கல்யாணத்துக்குத் தங்கை இல்லாவிட்டால் என்ன, வந்து பார்த்துக்கொள்ளலாமே என்று வேறு ஊர்க்காரர்கள் கேட்பார்கள். நம் கல்யாணத்தில் அப்படி முடியாது. மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்யும்போது, பெண்ணுக்குக் கட்டப்போகிற கூறைப்புடவையின் ஒரு தலைப்பை மாப்பிள்ளை கக்கத்தில் இடுக்கிக்கொள்ள, மறு தலைப்பைக் கூடப்பிறந்தவள் பிடித்து நிற்க வேண்டும். தாலிக்கு முன் நடக்கிற சீர். தங்கை இல்லாதவர்களுக்குப் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள். உனக்கும் சித்தப்பா மகள் ஒருத்தி இருந்தாள். அவளை நிறுத்திவிட்டுப் போகிறேன் என்று நீ கேட்டாய்.

"கூடப்பொறந்தவ உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தி வந்து சீலை புடிச்சா, இவளுக்கு என்ன கேடுன்னு ஊரு கேக்கும்டி" என்று உன் அம்மா அழுதார். உன் அப்பா முடிவை எங்கள் வீட்டுப் பக்கம் தள்ளினார். சீரில் குறை வந்தால் அது பெண்ணைத்தான் பிடிக்கும் என்பார்கள். அதனால், "பொண்ணூட்டுக்காரங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். பொறவு நீ எந்தச் சீமைக்கு வேணாலும் போ" என்றார்.

நீ துள்ளிக் குதித்திருப்பாய். பெண் வீடு என்றால் நான்தானே.

உன் அப்பாவோடு நீ எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்த அந்த முற்பகல் எனக்கு நிமிடம் நிமிடமாக ஞாபகம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. பெரியவர்கள் முன்கட்டில் உட்கார்ந்தார்கள். கல்யாணப் பெண் வெளியே வரக்கூடாதென்று என்னை உள்ளே இருத்தியிருந்தார்கள். நீ ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நின்றாய். ஜன்னல் வழியே என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாய். கீழே கிடந்த வேப்பங்கொட்டைகளைப் பொறுக்கி, பத்தடி தள்ளியிருந்த ஆடு தண்ணி குடிக்கும் தொட்டிக்குள் ஒவ்வொன்றாக எறிந்தாய். ஒன்றும் வெளியே விழவில்லை. எங்கள் ஆடுகள் தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தன.

அப்பா உள்ளே வந்தார். கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"சாமி, அந்தப் புள்ள வெளையாட்டுக்குப் போகோணுமாம். சீருக்குச் சித்தப்பன் மக நிப்பாளாம். நீ என்ன சொல்ற?"

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "பெரியவங்க பார்த்து எப்பிடிச் செஞ்சாலும் சரிங்கப்பா" என்றேன்.

அப்பா போகவில்லை. "அதில்ல சாமி. பூசி மொழுகாமச் சொல்லு. அந்தப் புள்ள போகட்டுமா, நிக்கோணுமா?"

"பெரியவங்க பார்த்துச் செய்யுங்க."

இந்த வாக்கியம் நம் பெண்கள் வாயில் என்ன பொருள் தரும் என்று உனக்குத் தெரியும். ஆசைப்படுகிற பெண் "சரி" என்பாள், இல்லையென்றால் சிரித்துக்கொண்டு தலையைக் குனிவாள். இப்படிச் சொல்கிறவள் வேண்டாம் என்கிறாள். சொன்ன பழி மட்டும் தன் மேல் விழக்கூடாது என்கிறாள். அடக்கமான பெண் என்று பேரும் கிடைக்கும். எனக்கு இது நன்றாகத் தெரியும். என் அப்பாவுக்கும் தெரியும்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். பயம் என்பது ஒரு காரணம், அது பொய்யில்லை. உன் அண்ணனை அதுவரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் உன்னுடையது. நீ இல்லாத மணவறையில் யார் முகத்தைப் பார்த்து உட்காருவது என்று தெரியவில்லை. ஆனால் பயம் மட்டும் என்றால் நான் அன்றே உன்னிடம் சொல்லியிருப்பேன். சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் வேறு. மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்து உன் கூடைகளை எழுதியவள் நான். அன்றுதான் முதல் முறையாகப் பந்து என் கையில் இருந்தது. நீ வெளியில், ஆடுகளோடு, கைநீட்டிக் காத்துக்கொண்டிருந்தாய். நான் பந்தைக் கொடுக்கவில்லை.

அப்பா வெளியே போனார். உன் அப்பா, "என்னங்க, புள்ளைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"புள்ளையக் கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? மொறைன்னு ஒன்னு இருக்குதுல்லங்க. கூடப்பொறந்தவங்களே நிக்கட்டும். அதுதான் எங்களுக்குத் திருப்தி."

அப்பா வாழ்க்கையில் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். என் மேல் ஒரு சொல்லும் விழக்கூடாதென்று, நான் சொன்னதைத் தன் வாயால் சொல்லிவிட்டார்.

நீ ஓடி ஜன்னலுக்கு வந்தாய். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாய்.

"நங்கை, உங்கப்பா உன்னைக் கேட்டாரா? உள்ள வந்தாரே, உன்னை ஒரு வார்த்தை கேட்டாரா?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"கேக்கவே இல்லையா? அப்பிடின்னா நீ இப்பப் போய்ச் சொல்லு. ஒரே வார்த்தை. நீ சொன்னா ஒத்துக்குவாங்க. எங்கப்பா கெளம்பறதுக்குள்ள சொல்லு, உன் கால்ல உழுகறேன், எந்திரி."

"கல்யாணப் பொண்ணு எப்படி வெளிய வந்து பேசறது?" என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். நீ நினைத்தது இதுவாகத்தான் இருக்கும்: பாவம், இவள் பேசத் தெரியாதவள், இவளைக் கேட்கக்கூட இந்த ஆளுக்குத் தோன்றவில்லை. கம்பியை விட்டாய். போகும்போது என் அப்பா முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனாய். அவர் "போயிட்டு வாங்க சாமி" என்றார். நீ நிற்காமல் நடந்தாய்.

கல்யாணத்தில் நீ நடந்துகொண்ட விதத்தை யாரும் குறை சொல்ல முடியாது. சீர்களை நடத்திவைத்த அருமைக்காரர் சொன்ன இடத்தில் நின்றாய், சொன்ன பக்கம் திரும்பினாய், புடவைத் தலைப்பை ஒரு சுருக்கம் இல்லாமல் பிடித்தாய். "என்ன அழகா நிக்குது புள்ள" என்றார்கள். நீ போக வேண்டிய ரயிலை மட்டும் யாருக்கும் தெரியாமல் கூடவே ஓட்டிக்கொண்டிருந்தாய். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே அது உனக்குள் கிளம்பிவிட்டது என்று உன் சித்தப்பா மகள் பிறகு சொன்னாள். பந்தக்கால் நடும்போது "இந்நேரம் ஜோலார்பேட்டை" என்றாயாம். பந்தலில் பந்தி பரிமாறிக்கொண்டே "விஜயவாடா" என்றாயாம். அடுத்த நாள் அரிசி அளக்கும்போது "நாக்பூர்". தாலி கட்டியானதும் என் காதருகே குனிந்தாய். ஆசீர்வாதமோ கேலியோ சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன்.

"இந்நேரம் எறங்கி, முகாம் கேட்டுல பேரு குடுத்திருப்பேன் நங்கை" என்றாய். பிறகு நிமிர்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தாய்.

நான் நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சில வாரம் கழித்துப் போட்டி நடந்தது. எனக்கு அப்போது நாமக்கல் கல்லூரியில் தற்காலிக வேலை. அங்கே நூலகத்துக்குச் சென்னையிலிருந்து ஆங்கிலப் பேப்பர் ஒரு நாள் தாமதமாக வரும். நீ தினமும் எருமப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, வாசகர் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைத் திறப்பாய். இரண்டு வரி இருக்கும். கொரியாவிடம் தோல்வி. ஜப்பானிடம் தோல்வி. பெரிய பெரிய வித்தியாசம்.

"நான் போயிருந்தாலும் தோத்துத்தான் இருப்போம் நங்கை. ஆனா ரெண்டு கூடை கொறைச்சலாத் தோத்திருப்போம்" என்று சிரித்தாய். சிரித்து முடித்ததும் பேப்பரை மூடி, அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாய். முதுகு குலுங்கியது. நூலகர் எழுந்து பார்த்தார். அன்று சொல்லியிருக்கலாம். தலையை நிமிர்த்தி நீ சொன்னது இது: "உங்கப்பா உன்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அங்க இருந்திருப்பேன். அந்த மனுசனை நான் மன்னிக்கவே மாட்டேன்." நான் உன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

முகாமுக்கு வராதவள் என்று உன் பெயருக்கு நேராக ஏதோ குறித்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டும் அழைப்பு இல்லை, அதற்கடுத்த ஆண்டும் இல்லை. பிறகு புதுப் பெண்கள் வந்துவிட்டார்கள். நீ ஆத்தூரில் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியை ஆனாய். கல்யாணம் செய்துகொண்டாய். ஆசியப் போட்டி வந்தால் மட்டும் விடுப்புப் போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாய், ஆங்கிலப் பேப்பர் பார்க்க. முகாமுக்குப் போயிருந்தாலும் அந்தப் பன்னிரண்டு பேரில் நீ இருந்திருப்பாய் என்று என்ன நிச்சயம் என்று எனக்கு நானே வாதாடிக்கொள்வேன். எம்.எஸ்ஸி. படித்த மூளை அதற்குத்தான் உதவியது.

என் அப்பா கையால் நீ தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. எங்கள் தோட்டத்து வீட்டில் நீ சாப்பிடவே இல்லை. மேச்சேரிக்கு வந்தால், வயிறு சரியில்லை என்பாய், இல்லை விரதம் என்பாய். எருமப்பட்டி வீட்டில் என் மகளுக்குக் காது குத்தியபோது, பந்தியில் அத்தனை பேர் முன்னால், இலை போட வந்த அப்பாவைப் பார்த்துச் சொன்னாய்:

"மாமா, நீங்க மட்டும் பந்து வெளையாடியிருந்தீங்கன்னா நல்லாத் தடுத்து ஆடியிருப்பீங்க. ஒருத்தியையும் தாண்டிப் போக உட்டிருக்க மாட்டீங்க."

பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். "ஆமா சாமி, தப்புத்தான்" என்றார். இலையை உன் முன்னால் வைத்தார். நீ எழுந்து கை கழுவப் போய்விட்டாய். அப்பா ஒரு நொடி என்னைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். "அப்பா, நான் அவகிட்டச் சொல்லிடறேன்" என்றேன்.

"வேண்டாம் சாமி."

"உங்களை இப்படி..."

"நீ அந்த ஊட்டுல வாழோணும். நான் காட்டுல ஆட்டுக்கூடக் கெடக்கறேன், என்னை என்ன பேசுனா என்ன? இன்னும் எத்தனை காலத்துக்கு?" பஸ் வந்தது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார். "அந்தப் புள்ள அன்னிக்குத் தொட்டிக்குள்ள போட்டுதே வேப்பங்கொட்டை, ஒன்னு வெளிய உழுகுல பாத்தியா?" என்றார்.

எட்டு வருடம் கழித்து அவர் போனார். நீ வந்தாய். வெயிலில் வாசலிலேயே நின்றாய். எடுத்த பிறகு குளித்துவிட்டு, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாய். என் அம்மா, "அந்தப் புள்ளைக்கு நாம என்ன பண்ணுனோம்?" என்று என்னிடம் கேட்டார்.

அதற்கு அடுத்த வருடம் உனக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. முப்பத்து நான்கு வயது. சேலத்து ஆஸ்பத்திரியில் முகமும் காலும் வீங்கிப் படுத்திருந்தாய். நான் விடுப்புப் போட்டுவிட்டுப் பகலில் உன்னோடு இருந்தேன். டாக்டர் உன் அண்ணனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அந்த மாதம்தான் மறுபடி ஆசியப் போட்டி. பேப்பர் வாங்கிவரச் சொன்னாய். மத்தியானம், வார்டில் எல்லோரும் தூங்கும் நேரம், நான் மெதுவாகப் படித்துக் காட்டினேன். நம் அணி தோற்றிருந்தது.

"நல்லவேளை, நான் இல்ல" என்று சிரித்தாய். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "உங்கப்பா செத்தப்ப எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல நங்கை. அதுக்காவது உன்கிட்ட மன்னிப்புக் கேக்கோணும்னு இருந்தேன்."

இனித் தாங்க முடியாது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். அப்பா உள்ளே வந்து கேட்டதை, இரண்டு முறை கேட்டதை, நான் சொன்ன பதிலை, ஜன்னலில் ஆட்டிய தலையை, எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குப் பாரம் இறங்கிக்கொண்டிருந்தது. அதை இன்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நீ குறுக்கே பேசாமல் கேட்டாய். நான் முடித்ததும் சொன்னாய்.

"இதை ஏன் இப்பச் சொன்ன? உங்கப்பனைத் திட்டிக்கிட்டே போய்ச் சேர்ந்திருப்பேன். நீயாவது எனக்கு மிஞ்சியிருப்ப. இப்ப நான் யாரை வெச்சுக்கிட்டுச் சாவறது?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தாய். என்னிடம் பேசினாய். தண்ணி வேணும், ஜன்னலைச் சாத்து, நர்ஸைக் கூப்பிடு. அவ்வளவுதான். நங்கை என்று கூப்பிடவில்லை. நான் என்ன கெஞ்சியும் என் முகத்தை நீ பார்க்கவில்லை. உன் காலைப் பிடித்துவிட்டால் மெல்ல இழுத்துக்கொள்வாய். வீங்கின கால், இழுக்க உனக்கு எவ்வளவு வலித்திருக்கும். அதனால் பிடிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஏழாம் நாள் உன் அண்ணனைக் கூப்பிட்டாய். "மேச்சேரிக்கு ஆள் அனுப்பு. அந்த ஊட்டுல ஆக்குன சோறு ஒரு வாய் வேணும்" என்றாய். என் அம்மா தூக்குப்போசியில் ரசஞ்சோறு கட்டிக்கொண்டு பஸ் மாறி மாறி வந்தார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. டாக்டர் உப்புக் கூடாது என்றிருந்தார். நீ கேட்கவில்லை. நான் பிசைந்து கொடுக்க வந்தபோது கையை ஆட்டி வேண்டாம் என்றாய். என் அம்மா கையால் இரண்டு வாய் வாங்கிக்கொண்டாய். விழுங்கச் சிரமப்பட்டாய். மூன்றாவது வாயில் நிறுத்தி, "மாமா இருந்திருந்தா அவரு கையால தின்னிருப்பேன் அத்தை. அவருக்குச் சொல்லிப்போடுங்க" என்றாய். என் அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

இறந்த மனிதரிடம் நீ சமாதானம் செய்துகொண்டாய். உயிரோடு கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு சொல் வைக்காமல் போனாய்.

உன் அண்ணனிடம் பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவ மனசுல ஒன்னும் வெச்சிருக்க மாட்டா" என்று எப்போதாவது சொல்வார். நான் எதிர்த்துப் பேசுவதில்லை. நம்புவதும் இல்லை. நீ மன்னித்திருந்தால் அதை அந்த வார்டே கேட்கும்படி சத்தமாகச் சொல்லியிருப்பாய். நீ மன்னிக்கவில்லை. அதை ஆறுதல் வார்த்தைகளால் மாற்றிக்கொள்ளாமல் இருப்பது ஒன்றுதான் உனக்கு நான் காட்டுகிற நேர்மை.

போன வருடம் உன் மருமகளை, என் மகளை, பெண் கேட்டு வந்தார்கள். நல்ல குடும்பம், தெரிந்தவர்கள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போய் அவளைக் கேட்டேன். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு, "நீங்க பார்த்துச் செய்யுங்கம்மா" என்றாள்.

கதவைத் தாழிட்டேன். அவள் எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். வேண்டுமா, வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லாமல் இங்கிருந்து யாரும் எழுந்திருக்கப் போவதில்லை என்றேன். அவள் அழுதாள். பைத்தியமா உனக்கு என்று என்னைத் திட்டினாள். வெளியிலிருந்து உன் அண்ணன் இரண்டு முறை கதவைத் தட்டினார். வந்தவர்களுக்கு மறுபடி காப்பி கொடுக்கும் சத்தம் கேட்டது. கடைசியில் அவள் சொன்னாள்: "வேண்டாம்."

கதவைத் திறந்து கூடத்துக்குப் போனேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குப் பழக்கமில்லாத சத்தத்தில், "புள்ளையக் கேட்டேனுங்க. வேண்டாம்னு சொல்லிட்டா. மன்னிச்சுக்கோங்க" என்றேன். வந்தவர்களில் பெரியவர் ஒருவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அதுக்கென்னங்க, புள்ளை மனசுதானுங்க" என்று எழுந்தார். காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கார் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். ஒரு ஆளைக் கேட்டு, ஒரு வார்த்தை சொல்லி, ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை அது. இவ்வளவு சின்ன வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. இப்போது தெரியும். நான் சுமந்துகொண்டிருப்பது அதைத்தான்.